18ஆம் நூற்றாண்டின் குவேக்கர் பெண் பிரசங்கிகள்: அனுமதி யார் கொடுத்தது, செலவு யாருடையது?

தாழ்வாரம் கேட்டது:

1763ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி நாளில் எழுத்தாளர் பாஸ்வெல் லண்டனில் ஒரு குவேக்கர் (நண்பர்கள் சங்கம் என்ற கிறித்தவப் பிரிவினர்) கூட்டத்துக்குப் போய், அங்கே ஒரு பெண் பிரசங்கம் செய்ததைக் கேட்டுவிட்டு வந்து தம் நண்பரான அறிஞர் சாமுவேல் ஜான்சனிடம் சொன்னார். பெண் பிரசங்கம் செய்வது நாய் பின்னங்கால்களில் நடப்பதைப் போன்றது, நன்றாக நடக்காது, ஆனாலும் நடக்கிறதே என்பதுதான் வியப்பு என்று ஜான்சன் பதில் சொன்னார். இந்தக் கேலியைப் பலரும் எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று காலை எழுந்து நின்று பேசிய அந்தப் பெண்ணின் பெயரைப் பாஸ்வெல் எழுதிவைக்கவில்லை என்பதைக் கவனித்தபோதுதான் அப்படிப்பட்ட பெண்களைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

தேடத் தேட வியப்பு கூடுகிறது. திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவே பெரும்பாலும் உரிமை இல்லாதிருந்த இங்கிலாந்திலிருந்து, குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, இன்னொரு பெண்ணை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு, இவர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் அமெரிக்கக் குடியேற்றங்களில் பயணம் செய்திருக்கிறார்கள். என் கேள்விகள் இவை. இவர்களைப் போகலாம் என்று சொன்னது யார்? பயணச் செலவைக் கொடுத்தது யார்? கணவன்மார்கள் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

கூடவே ஒரு சிறு சிக்கல். 1750க்கும் 1752க்கும் இடையே அமெரிக்காவில் பயணம் செய்த ஒருவருடைய நாட்குறிப்பின் படியை வைத்துக்கொண்டு ஊர்களையும் தேதிகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். 1751இல் ‘பத்தாம் மாதம்’ முடிந்ததும் நேராக ‘முதல் மாதம்’ வந்துவிடுகிறது. நடுவில் இரண்டு மாதங்களுக்கான தாள்கள் தொலைந்துவிட்டனவா என்று தெரியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

மௌனக்கூடம் எழுதியது:

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. குவேக்கர்களிடம் சம்பளம் வாங்கும் குருமார் கிடையாது, எழுதி வைத்து வாசிக்கும் பிரசங்கமும் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கேனும் உள்ளே ஒரு உந்துதல் எழுந்தால் அவர் எழுந்து நின்று பேசுவார். அந்த உந்துதலைத் தரும் உள்ளொளி, அதாவது உள்ளத்தில் இருக்கும் கடவுளின் ஒளி, எல்லா மனிதருக்கும் பொது என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கையாக இருந்தபடியால், அது ஆண்களிடத்தில் மட்டுமே பேசும் என்று சொல்வதற்கு அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. ‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்ற பவுலின் வசனத்தை எதிர்ப்பவர்கள் காட்டியபோது, குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற யோவேலின் வசனத்தை இவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இந்த வாதத்தைக் குவேக்கர் முன்னோடிகளில் ஒருவரான மார்கரெட் ஃபெல் 1666இலேயே, சிறையில் இருந்தபடி, முறையாக எழுதி வெளியிட்டுவிட்டார்.

ஆனால் உந்துதல் வந்த உடனே மூட்டையைக் கட்டிக்கொண்டு யாரும் கிளம்பிவிட முடியாது. இந்த இடத்தைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் பல ஆண்டுகள் தம் ஊர்க் கூட்டத்தில் பேசி, அவர் பேச்சில் சாரம் இருக்கிறது என்று மற்றவர்கள் கண்டுகொண்ட பிறகே அவரை ‘ஊழியர்’ என்று ஏற்றுக்கொள்வார்கள். அவர் வெளியூர் போக விரும்பினால், அந்தப் பகுதிக் குவேக்கர்கள் மாதந்தோறும் கூடிப் பொது விஷயங்களைத் தீர்மானிக்கும் மாதக் கூட்டத்தில் அதை எழுந்து சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்கள் யோசித்து, இசைந்தால், ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார்கள். கடல் தாண்டும் பயணமாக இருந்தால் மாதக் கூட்டத்தோடு முடியாது. காலாண்டுக் கூட்டம், அதற்கும் மேலே தலைமை அமைப்பான ஆண்டுக் கூட்டத்தோடு சேர்ந்த ஊழியர்களும் மூப்பர்களும் கூடும் கூட்டம் என்று படிப்படியாக இசைவு பெற வேண்டும். போய்ச் சேர்ந்த ஊர்களில் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். திரும்பும்போது அந்த ஊர்க்காரர்கள், இவர் எங்களிடையே நன்றாக ஊழியம் செய்தார் என்று எழுதித் தரும் கடிதங்களைக் கொண்டுவந்து, அனுப்பியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். கடவுள் அழைத்தார் என்று சொன்ன பெண்ணை, ஊரார் கையெழுத்திட்ட தாள் ஒன்றுதான் உண்மையில் கடல் தாண்ட வைத்தது.

செலவைப் பற்றி. பிரிட்டனிலிருந்து கப்பல் ஏறுபவர்களின் பயணக் கட்டணத்தை லண்டன் ஆண்டுக் கூட்டம் தன் பொது நிதியிலிருந்து கொடுத்தது. இறங்கிய பிறகு ஒவ்வொரு ஊரிலும் குவேக்கர் குடும்பங்களின் வீடுகளில் தங்கல், அவர்கள் மேசையில் சாப்பாடு, அடுத்த ஊர் வரை வழிகாட்ட அவர்களிலேயே ஒருவர். பிரசங்கத்துக்குக் கூலி வாங்குவது அவர்கள் பார்வையில் பெரும் பிழை. ஆகையால் இது சம்பளம் இல்லை, ஆனால் முழுக்கச் சொந்தச் செலவும் இல்லை.

துணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்கள் இருவராகவே பயணம் செய்தார்கள். இதற்கு நல்ல சான்று காதரின் பேட்டனும் மேரி பீஸ்லியும். முதலாமவர் இங்கிலாந்தின் டட்லி ஊர்க்காரர், மற்றவர் அயர்லாந்துக்காரர். 1753இல் கடலைத் தாண்டித் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் இறங்கியபோது பேட்டனுக்கு வயது 26. அங்கிருந்து குதிரையில் ஏறிக் கரோலைனாக் காடுகள் வழியாக வடக்கே நியூ இங்கிலாந்து வரை போனார்கள். வீடே இல்லாத இடங்களில் தீ மூட்டிவைத்து மரத்தடியில் படுத்த இரவுகளும் உண்டு. 1756இல் திரும்பும்போது பேட்டன் ஆயிரக்கணக்கான மைல்கள் குதிரைமேல் கடந்திருந்தார். மேரி பீஸ்லி ஊர் திரும்பி, 1757 மார்ச்சில் சாமுவேல் நீல் என்பவரை மணந்து, மூன்றே நாளில் இறந்துபோனார். பேட்டனோ திருமணம் ஊழியத்துக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று தயங்கித் தயங்கி, பல ஆண்டுகளாகப் பழகிய வில்லியம் ஃபிலிப்ஸை 1772இல், தம் 45ஆம் வயதில்தான் மணந்தார்.

கடலோடி எழுதியது:

மௌனக்கூடம் அவர்கள் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். கணவன்மார்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரே விடை கிடையாது.

ஒரு பக்கம் ரேச்சல் வில்சன். இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் ஊரைச் சேர்ந்தவர், பல பிள்ளைகளுக்குத் தாய். 1768இல் கப்பலேறி 1769 வரை அமெரிக்கக் குடியேற்றங்களில் சுற்றினார். கணவர் ஐசக் வீட்டையும் தொழிலையும் பார்த்துக்கொண்டார். குவேக்கர் அல்லாதவர்களும் அவர் பேச்சைக் கேட்கத் திரண்டு வந்தார்கள். 1769 ஆகஸ்டில் நியூயார்க் மாகாணத்தின் டச்சஸ் கவுண்டியில் அவர் பேசியதைக் கூட்டத்தில் இருந்த ஒருவர் சுருக்கெழுத்தில் எடுத்து அச்சிட்டு வெளியிட்டார். குவேக்கர் பிரசங்கம் முன்கூட்டி எழுதப்படுவதில்லை என்பதால், இந்தப் பெண்கள் பேசிய சொற்களில் மிகச் சிலவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிடைத்தவையும் பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவர் வேகமாக எழுதிக்கொண்டதால் கிடைத்தவை.

மறுபக்கம் எலிசபெத் ஆஷ்பிரிட்ஜ். 1713இல் செஷயரின் மிடில்விச்சில் பிறந்தவர். 14 வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டு ஐந்து மாதங்களில் கைம்பெண்ணானார். பிறகு அயர்லாந்து, அங்கிருந்து 1732இல் நியூயார்க், அங்கே கப்பற் கட்டணத்துக்காக ஒப்பந்தக் கூலியாகச் சில ஆண்டுகள் வேலை. இரண்டாவதாக மணந்த பள்ளி ஆசிரியர் சலிவன் இவருடைய நடனத்தைப் பார்த்து மயங்கித் திருமணம் செய்துகொண்டவர். பென்சில்வேனியாவில் இருந்த உறவினர்களைப் பார்க்கப் போன இடத்தில் இவர் குவேக்கராக மாறத் தொடங்கியதும் அந்த மனிதருக்குத் தாங்கவில்லை. ஒரு விடுதியில், பலர் முன்னிலையில், என் மனைவி நன்றாக ஆடுவாள் என்று சொல்லி இவரைக் கையைப் பிடித்து இழுத்து ஆடச் சொன்னார். இவர் அழுதுகொண்டே கெஞ்சினார். அவர் விடவில்லை. கடைசியில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் எழுந்து வந்து, இனி நான் வாசிக்கமாட்டேன், உன் மனைவியை விட்டுவிடு என்று சொன்னார். இந்தக் காட்சியை ஆஷ்பிரிட்ஜே எழுதிவைத்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த இசைக்காரர் என் மனத்தைவிட்டுப் போவதில்லை.

கதை அங்கே முடியவில்லை. சலிவன் குடிமயக்கத்தில் படையில் சேர்ந்தார். பிறகு ஆயுதம் எடுக்க மறுத்தார், அதாவது மனைவியின் கொள்கையையே கடைப்பிடித்தார். அதற்காகக் கடுமையாக அடிக்கப்பட்டு, லண்டன் அருகே செல்சி மருத்துவமனையில் இறந்தார். எலிசபெத் பள்ளி நடத்தியும் தையல் வேலை செய்தும் அவர் வைத்துவிட்டுப் போன கடனை அடைத்தார். 1746இல் ஆரன் ஆஷ்பிரிட்ஜ் என்பவரை மணந்து, 1753இல் அவர் இசைவோடு கடல் தாண்டி இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஊழியம் செய்து, 1755 மே மாதம் அயர்லாந்தின் கார்லோ பகுதியில் ஒரு குவேக்கர் வீட்டிலேயே உயிர்விட்டார். அவருடைய தன்வரலாறு சலிவனின் சாவோடு நின்றுவிடுகிறது. பிரசங்கியாகப் பயணம் செய்த கதையை அவர் எழுதவே இல்லை. நமக்கு வேண்டிய பகுதி அதுதானே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

கடலைப் பற்றி ஒரு சேர்க்கை. இது வாரக்கணக்கான பயணம். 1756இல் பிரான்சோடு போர் தொடங்கிய பிறகு எதிரிக் கப்பல்களின் பயமும் சேர்ந்துகொண்டது. பென்சில்வேனியாவின் சூசன்னா மாரிஸ் மூன்று முறை அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து ஊழியம் செய்தவர். ஒரு முறை அயர்லாந்துக் கரையருகே அவர் வந்த கப்பல் உடைந்தது. 1682இல் பிறந்த அவர் மூன்றாம் முறை கப்பலேறியது 1752இல். வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுபக்கம் எழுதியது:

மேலே உள்ள பதில்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் சற்று இனிப்பாக இருக்கின்றன. மௌனக்கூடம் சொன்ன அந்தத் தாள், கொடுக்கப்பட்டதைப் போலவே பிடுங்கவும் பட்டது. இதற்கு மே டிரம்மண்டின் வாழ்க்கையே போதும்.

அவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் ஜார்ஜ் டிரம்மண்ட் அந்த நகரின் தலைவராகப் பல முறை இருந்தவர். 1731இல் குவேக்கர் பிரசங்கி தாமஸ் ஸ்டோரியின் பேச்சைக் கேட்டுக் குவேக்கரானார், வீட்டார் கைவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்து முழுவதும் அவர் பெயர் பரவிற்று, கூட்டம் தாங்கவில்லை, கரோலைன் ராணியையே நேரில் சந்தித்துப் பேசினார். எடின்பரோ மருத்துவமனை கட்டவும் பணம் திரட்டிக் கொடுத்தார். இவ்வளவுக்கும் பிறகு, 1760களில், அதே எடின்பரோக் கூட்டம் அவர் ஊழியராக இருக்கத் தகுதியற்றவர் என்று தீர்மானித்தது. தங்கியிருந்த வீடுகளில் சிறு பொருள்களை எடுத்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அது உண்மையா, வறுமையா, பொறாமையா என்று இன்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் தன்னைச் சுற்றிக் கூட்டம் சேர்வதில் மகிழ்ச்சி அடையும் பெண்ணைப் பார்த்து மூப்பர்கள் முகம் சுளித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தன்னை மறைத்துக்கொண்டு பேசும் வரைதான் அந்தக் குரல் கடவுளுடையது.

இன்னொன்று. பெண் ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்றால் ஆண்கள் மௌனமாகக் கேட்டார்கள், உண்மைதான். ஆனால் சங்கத்தின் நடைமுறைகளைத் தீர்மானிக்கும் கூட்டங்கள் தனித்தனி, அவற்றில் கடைசிச் சொல் ஆண்களுடையது. பிலடெல்பியாவில் பெண்களுக்கென்று ஆண்டுக் கூட்டம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே இருந்தது. லண்டனிலோ, கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார்கள். 1784இல் அமெரிக்காவிலிருந்து ரெபெக்கா ஜோன்ஸ், பேஷன்ஸ் பிரேட்டன், மெஹிடபெல் ஜென்கின்ஸ், ரெபெக்கா ரைட் ஆகியோர் பிரிட்டனில் ஊழியத்துக்கு வந்திருந்தார்கள். யார்க்கைச் சேர்ந்த எஸ்தர் டியூக்கும் இவர்களும் ஆண்களின் ஆண்டுக் கூட்டத்துக்குள்ளேயே போய்க் கேட்டதன் பிறகுதான் லண்டனில் பெண்களின் ஆண்டுக் கூட்டம் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு நூற்றாண்டாக உலகெங்கும் பிரசங்கம் செய்ய அனுப்பப்பட்டவர்கள், கணக்கெழுதிப் பேச ஒரு அறையைப் பெற இவ்வளவு காலம் காத்திருந்தார்கள். அதையும் விருந்தாளிகள் வந்துதான் கேட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடிமைமுறையையும் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவின் தெற்கே பயணம் செய்த இந்தப் பெண்கள் தங்கிய வீடுகள் பலவற்றில் சமைத்ததும் குதிரையைக் கட்டியதும் அடிமைகள்தாம். பேஷன்ஸ் பிரேட்டன் போன்ற சிலர் 1770களின் தொடக்கத்தில் தெற்கே போய், அடிமைகளை வைத்திருந்தவர்களிடம் அவர்களை விடுவிக்கும்படி நேருக்கு நேர் பேசினார்கள். எல்லோரும் அப்படிப் பேசவில்லை. அடிமைகளை வைத்திருப்பவர்களைச் சங்கத்திலிருந்து நீக்குவது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல்தான்.

தாழ்வாரம் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மறுபக்கம் அவர்கள் சொன்ன டிரம்மண்டின் கதை எனக்கு முற்றிலும் புதிது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தாளைப் பெறாமல், ஆனாலும் பேசியே தீர்வேன் என்று போனவர்கள் உண்டா? இந்த ஊழியம் தாயிடமிருந்து மகளுக்குப் போவதுண்டா? நாட்குறிப்பின் தேதிச் சிக்கல் இன்னும் அப்படியே இருக்கிறது.

மௌனக்கூடம் எழுதியது:

தாளோடு போய், போன இடத்தில் அதை இழந்தவர் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரைச் சேர்ந்த ஹன்னா பர்னார்ட் 1798இல் எலிசபெத் காகிஷலோடு பிரிட்டனுக்கு முறையான சான்றோடுதான் வந்தார். பழைய ஏற்பாட்டின் போர்களைக் கடவுளே கட்டளையிட்டார் என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதும், லண்டனில் அவரைப் பேசாமல் ஊர் திரும்பும்படி சொன்னார்கள். ஊர் திரும்பிய பிறகு 1802இல் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். போரை ஏற்காத சங்கத்தில், போரை அளவுக்கு மீறி எதிர்த்ததற்காக நீக்கப்பட்டவர் என்று நான் அவரை நினைத்துக்கொள்வதுண்டு. மறுபக்கம் அவர்களின் வாதத்துக்கு இதுவும் வலுச் சேர்க்கும்.

தாய்வழி என்று கேட்டீர்கள், பாட்டிவழியாகவே ஒன்று இருக்கிறது. 1658இல் தனியாக நடந்து சென்று துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மதைச் சந்தித்துப் பேசிய குவேக்கர் பிரசங்கி மேரி ஃபிஷரின் பேத்தி சோஃபியா ஹியூம். சார்ல்ஸ்டனில் வசதியாக, பட்டும் நகையுமாக, ஆங்கிலிக்கன் சபைப் பெண்ணாக வாழ்ந்தவர். பின்னாளில் குவேக்கராகி லண்டனில் குடியேறி, 1747இல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி வந்து, தம்மோடு விருந்துகளில் உட்கார்ந்த அதே மனிதர்களிடம் ஆடம்பரத்தை விடும்படி பேசினார். பேசியதை எழுதி அச்சிடவும் செய்தார். முன்பின் தெரியாத ஊரில் பேசுவது எளிது. தன்னைப் பழைய உடையில் பார்த்தவர்கள் முன்னால் நிற்பதற்கு வேறு துணிவு வேண்டும்.

நாட்குறிப்புகளைப் படிக்கும்போது இன்னொன்றை மனத்தில் வையுங்கள். இவர்களுடைய எழுத்துகள் பெரும்பாலும் இறந்த பிறகே அச்சேறின, அதுவும் சங்கத்தின் மேற்பார்வைக் குழு படித்து இசைந்த பிறகே. ஆகவே அச்சுப் பிரதியில் அமைதி தவழ்ந்தால், கையெழுத்துப் பிரதியிலும் அப்படியே இருந்தது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கடலோடி எழுதியது:

தேதிக்கு நான் விடை சொல்கிறேன், உங்கள் தாள்கள் தொலையவில்லை.

கிழமைகளும் மாதங்களும் புறச்சமயத் தெய்வங்களின் பெயரைத் தாங்கியவை என்பதால் குவேக்கர்கள் அவற்றை எண்ணால் மட்டுமே குறித்தார்கள். ஒருவரை மரியாதைக்காகப் பன்மையில் அழைக்க மறுத்ததும் இதே பிடிவாதத்தின் இன்னொரு முகம். நீதிபதியையும் ‘நீ’ என்றுதான் அழைத்தார்கள். நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக ஏறும் நம் மொழியில் இவர்கள் பேச்சை எழுத நேர்ந்தால் என்ன பாடு படுவோம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இங்கிலாந்தில் அக்காலம் வரை சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25. அதனால் குவேக்கர்களின் ‘முதல் மாதம்’ மார்ச், ‘ஆறாம் மாதம்’ ஆகஸ்ட், ‘பத்தாம் மாதம்’ டிசம்பர், ‘பதினோராம் மாதம்’ ஜனவரி. நாடாளுமன்றம் நாட்காட்டியை மாற்றிச் சட்டம் செய்தபோது, 1751ஆம் ஆண்டு டிசம்பர் 31ஓடு முடிந்து 1752 ஜனவரி முதல் நாள் புத்தாண்டாகும் என்று ஆயிற்று. குவேக்கர்களும் அதன்படியே ஜனவரியை ‘முதல் மாதம்’ என்று எழுதத் தொடங்கினார்கள். ஆகவே 1751இல் பதினோராம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் இல்லவே இல்லை. உங்கள் நாட்குறிப்பில் பத்தாம் மாதத்தின் கடைசி நாளுக்கு மறுநாளே முதல் மாதத்தின் முதல் நாள்.

1752இல் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ‘ஒன்பதாம் மாதம்’ இரண்டாம் நாளுக்கு மறுநாள் பதினான்காம் நாள். அந்தப் பதினொரு நாட்களையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பயணி அப்போது இன்னும் ஊர்ஊராகப் போய்க்கொண்டிருந்தால், இரண்டாம் தேதி புறப்பட்ட ஊருக்கும் பதினான்காம் தேதி சேர்ந்த ஊருக்கும் இடையே ஒரே நாள் குதிரைப் பயணத் தூரம்தான் இருக்கும், வரைபடத்தில் அளந்து பாருங்கள்.